கதையில் வரும் ஆளுக்கு என்ன வேலை?

ஏற்காட்டு மலையில் இருக்கிற நாகலூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வயது இருபத்து நான்கு. சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறார். வாரம் ஒருமுறை மலையேறி வீட்டுக்குப் போய் வருகிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: ‘அண்ணா, இதுவரை எட்டுக் கதை எழுதிவிட்டேன். எல்லாமே முதல் பக்கம் நன்றாக வருகிறது. இரண்டாம் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. கரு சரியில்லையா, நடை சரியில்லையா, வட்டார வழக்கில் எழுதாததுதான் குறையா? எழுதிப் பழகுகிறவன் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?’ கூடவே இரண்டு கதைகளை அனுப்பியிருந்தார். அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

தம்பி, இரண்டையும் இரண்டிரண்டு முறை படித்தேன். நடை மோசமில்லை. வாக்கியம் உங்களுக்கு வருகிறது. அது பாதிப் பேருக்கு வராது. கருவிலும் குறை சொல்ல மாட்டேன், உலகத்தில் கரு என்று இருப்பதே பத்துப் பன்னிரண்டுதான் என்பது என் கட்சி. எனக்கு இடித்தது வேறு இடம்.

முதல் கதையில் ஒரு இளைஞன் ஏற்காடு பகோடா பாயிண்டில் நின்று பனியைப் பார்க்கிறான். தன்னை விட்டுப் போன பெண்ணை நினைக்கிறான். ஆறு பக்கம் நினைக்கிறான். ‘பனி’ என்ற சொல் பதினான்கு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன், அச்சகத்தில் இருபது வருடம் மெய்ப்புப் பார்த்த கண், சும்மா இருக்காது.

அவனுக்கு என்ன வேலை? கதையில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அங்கே வந்து நிற்க அவனுக்கு யார் லீவு கொடுத்தார்கள்? பஸ்ஸில் வந்தானா, சொந்த வண்டியா, அதற்கு மாதத் தவணை கட்டுகிறானா? மத்தியானம் எங்கே சாப்பிடுவான்? எதுவுமே தெரியாததால், துக்கப்படுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையில்லாமல் போய்விட்டது. ஒரு ஆள் துக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம்தான் பக்கத்தில் நிற்க முடியும்? இரண்டாம் பக்கத்தில் கதை படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். முதல் பக்கத்தை உணர்ச்சியை வைத்து ஓட்டிவிடலாம். அடுத்த பக்கத்தில் அந்த ஆள் எதையாவது செய்தாக வேண்டும்.

ஆகவே, ‘முதலில் எதை’ என்ற கேள்விக்கு என் பதில்: கதையில் வருகிற ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கப் பழகுங்கள். சம்பளம் வாங்குகிற வேலையாக இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலையானாலும் சரி, கை எதையாவது பிடித்திருக்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். மார்க்குக்காகப் படித்து மறந்த அந்த மூன்றையும் இப்போது கதை எழுதுகிறவனாகத் திரும்பிப் பாருங்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். உரி என்பது உணர்ச்சி: கூடல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். நடுவில் கருப்பொருள் என்று ஒரு பட்டியல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்று போகிற அந்தப் பட்டியலில் தொல்காப்பியம் ‘செய்தி’ என்றும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. காலையில் பேப்பரில் படிக்கிற செய்தி இல்லை; தொழில் என்று அதற்குப் பொருள். குறிஞ்சி நிலத்துக்குத் தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் தினை விளைப்பதும் தினைக்கு வருகிற கிளியை விரட்டுவதும் தொழில்.

அந்தக் கிளி விரட்டுகிற வேலையைப் பாருங்கள். தலைவி தினைப்புனத்தில் உட்கார்ந்திருப்பது காதலிக்கவா? வீட்டார் காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள், போயிருக்கிறாள். அவன் வந்து பேசுவது அவளுடைய வேலை நேரத்தில். தினை முற்றினால் அறுத்துவிடுவார்கள். அறுத்த பிறகு அவளுக்குப் புனத்தில் வேலையில்லை, வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். அதனால்தான் சங்கப் பாட்டுகளில் கதிர் விளைவதைப் பார்த்துத் தோழி பதறுகிறாள். ஊரே அறுப்புக்குச் சந்தோஷப்படும்போது இரண்டு பெண்களுக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஒரு கடைசி நாளும் இருந்ததால் கிடைத்த கதை அது. நீங்களோ முதற்பொருளிலிருந்து நேராக உரிப்பொருளுக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் இருந்த பாலத்தைக் காணோம்.

சரி, உங்கள் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்ப்போம். உங்கள் ஊர் வேலையே இருக்கட்டும். காபித் தோட்டத்தில் சாயங்காலம் பழத்தை எடை போட்டு நோட்டில் எழுதுகிறவன் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை பறிப்பு. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். மூட்டையிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தால் சூடேறிப் புளித்துப்போகும். தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் போட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைக்க வேண்டும். உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது அந்தப் பெண் ஊரை விட்டுப் போகிற பஸ் ஐந்து மணிக்கு. எடை போடுகிற நேரமும் ஐந்து மணி. முப்பது பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். வழியில் காட்டெருமை நிற்கும். தராசை விட்டுவிட்டு அவன் ஓடுவானா? ஓடினால் நோட்டை யார் பார்ப்பது? ஓடாமல் நின்றால், அன்றைக்கு எத்தனை எண்ணைத் தப்பாக எழுதுவான்? அந்தத் தப்பு யாருடைய கூலியில் போய் விழும்? அவன் மனசைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் படுத்திருந்த கதை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று, சொன்னால் வருத்தப்படக் கூடாது. உங்கள் கதையில் பழம் பறிக்கிற பெண்களைச் சுற்றிக் காபிப் பூ மணக்கிறது. மார்ச், ஏப்ரலில் மழை விழுந்து ஒரு பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தப் பூ பழமாக எத்தனை மாதம் ஆகும் என்பது நாகலூரில் பிறந்த உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்ததும் எங்கேயோ கேட்ட பாட்டிலிருந்து மலையை எடுத்துப் போட்டுவிட்டீர்கள். இந்த விசித்திரத்தை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரன் பயந்துபோய் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவான். சொந்த ஊர்க்காரனுக்குச் சரிபார்க்கவே தோன்றாது.

அதே கதையின் முதல் பத்தியில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காபி கொண்டுவந்த வரலாறும் இருக்கிறது. வெட்டிவிடுங்கள். காதலி போன துக்கத்தில் நிற்கிறவன் கலெக்டரை நினைக்க மாட்டான். (அவனே ஒரு கைடாக இருந்து, அந்த வரியைச் சுற்றுலாக்காரர்களிடம் ஐந்நூறாவது தடவையாக ஒப்பிக்கிறான் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது அவன் பிழைப்பு.)

இரண்டாவது கதைக்கு வருகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செல்வி என்று ஒருத்தி. வீட்டை விட்டுப் போன கணவன் வருவானா என்று காத்திருக்கிறாள். ‘அவள் மனம் அனலிலிட்ட மெழுகாய் உருகியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மெழுகை நாம் எல்லோரும் ஆயிரம் தடவை உருக்கியாகிவிட்டது. அவள் வீட்டுக்குள்ளேயே நிஜமாக உருகுகிற பொருள் ஒன்று இருக்கிறதே!

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் எத்தனையோ வீடுகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரே ஆள் முழுக் கொலுசையும் செய்வதில்லை. ஓர் இடத்தில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள். சலங்கை சேர்ப்பதும் மெருகு போடுவதும் வேறு கைகள். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். சேதாரத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆக, அந்த வீட்டில் தராசு எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் வரிக்குப் பதில் நான் எழுதிப் பார்த்தது இது:

‘செல்வி அடுத்த வளையத்தில் பொடி வைத்துத் தீயைக் காட்டினாள். வாசலில் ஒரு பைக் நின்றது. தீ ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. வளையம் சிவந்து, குழைந்து, சொட்டாகச் சுருண்டது. பைக் பக்கத்து வீட்டுக்கு வந்தது. மாமியார் எழுந்து வந்து, அந்தச் சொட்டை இடுக்கியால் எடுத்துத் தராசில் போட்டுப் பார்த்தாள். “எடை குறையல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.’

பெரிய எழுத்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவள் யாருக்குக் காத்திருக்கிறாள் என்பது தெரிகிறது, மாமியாருக்கும் அது தெரியும் என்பது தெரிகிறது, அந்த வீட்டில் எதற்கு மதிப்பு என்பதும் தெரிகிறது. ‘மனம்’ என்ற சொல் எங்கும் வரவில்லை. முக்கியமாக, இந்தத் தப்பு திறமைசாலி ஒருத்தி செய்த தப்பு. புதுசாக வேலைக்கு வந்தவள் வளையத்தைக் கெடுத்தால் அது செய்தியே இல்லை. தினமும் நூற்றுக்கணக்கில் பற்றவைக்கிறவள் ஒன்றைக் கெடுத்தால்தான் கதை.

இதற்கு விவரம் வேண்டும். விவரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதை நான் அடிபட்டுக் கற்றேன். முப்பது வருடத்துக்கு முன் ஒரு நெசவாளர் கதை எழுதினேன். அடைமழை, தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, தறிச் சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது. அந்த வரியில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அச்சிலும் வந்துவிட்டது. அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “உன் கதையில மழையும் பெய்யுது, தறியும் ஓடுது. எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணா நடந்ததில்லப்பா.”

குழித்தறி. கால் வைத்து மிதிக்கிற குழி தரைக்குக் கீழே இருக்கிறது. அடைமழையில் குழியில் ஈரம் கசியும், தண்ணீரே ஊறி நிற்கும். பாவு நூல் நமத்துப்போகும். தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் மளிகைக் கடை நோட்டில் பக்கம் கூடும். நான் விட்டுவிட்ட கதை அதுதான். சத்தம் கேட்கிற தெருவை எழுதியிருந்தேன். எழுத வேண்டியது சத்தம் நின்றுபோன தெரு. அன்றைக்குப் பட்ட வெட்கம் நல்ல முதலீடு.

அதற்கப்புறம் யாரைப் பார்க்கப் போனாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இது கெட்டுப்போனா என்னங்க பண்ணுவீங்க?” எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள். எப்போது கெடும், கெட்டால் யார் திட்டுவார்கள், நஷ்டம் யார் தலையில் என்று கேட்டுப் பாருங்கள். குரல் மாறும், பக்கத்தில் இருப்பவர் குறுக்கே பேசுவார், பழைய சண்டை ஒன்று வெளியே வரும். நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்காதீர்கள். போனில் பதிவு செய்வதும் வேண்டாம், ஆள் விறைத்துப்போவார். வீட்டுக்கு வந்து நினைவில் நின்றதை எழுதுங்கள். நினைவில் நிற்காதது கதைக்கும் தேவைப்படாது. அப்புறம், அவர் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் கதையில் வைக்காதீர்கள். நம்பிப் பேசியவர் அவர்.

திருவிழாக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து ஆடிப் பண்டிகையை வைத்துக் கதை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பந்தல், மேளம், கூட்டம், பொங்கல் என்று மூன்று பக்கம் வர்ணித்துவிட்டுக் கதையைத் தொடங்குவீர்கள் என்று பயமாக இருக்கிறது. சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் உட்கார்ந்து ஊர்வலம் வருவார்கள். சிவன் வேஷத்தில் கை தூக்கி அசையாமல் இருக்கிற ஆள் மறுநாள் என்ன வேலைக்குப் போவார்? அவருக்குக் கடன் கொடுத்தவர் கூட்டத்தில் நின்று அவரையே பார்த்துக் கும்பிட்டால்? மூக்கு அரிக்கிறது, சொறிய முடியாது. இப்படி ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டால், மேளமும் கூட்டமும் அவர் கண் வழியாகத் தானே உள்ளே வந்துவிடும்.

கண் வழியாக என்றேன். யார் கண் என்பதில் கறாராக இருங்கள். செல்வி கதையில் நாலாவது பத்தி வரை செல்விக்குத் தெரிந்ததுதான் வருகிறது. திடீரென்று மாமியார் நினைப்பது வருகிறது, பிறகு எங்கேயோ திருப்பூரில் இருக்கிற கணவன் நினைப்பது வருகிறது. படிக்கிறவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் அவன் ஏன் செல்வியோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும்? பழைய பாட்டுகளின் மேல் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று போட்டிருக்கிறார்களே, அது தேர்வுக்கான குறிப்பு மட்டுமில்லை. பேசுகிறவள் யார் என்று தீர்மானித்துவிட்டால் அவளுக்குத் தெரியாதது பாட்டுக்குள் வர முடியாது.

ஒரு பயிற்சி. வாராவாரம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த ஒரே பயணத்தை மூன்று தடவை எழுதுங்கள், தடவைக்கு ஒரு பக்கம். முதலில் டிரைவர்: எதிரே இறங்குகிற வண்டி, கியர், எந்த வளைவில் யார் வழி விட மாட்டார்கள். அடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருக்கிற பெண். அவளுக்கு வளைவுகள் எண்ணிக்கைதான், காட்சி இல்லை. கடைசியாகச் சில்லறை பாக்கி கொடுக்க வேண்டிய கண்டக்டர். டிரைவர் எழுதும் பக்கத்தில் பள்ளத்தாக்கின் அழகு வந்தால் அடித்துவிடுங்கள். அவர் அதைப் பார்த்தால் நாமெல்லாம் தொலைந்தோம்.

வட்டார வழக்கு பற்றிக் கேட்டீர்கள். கதையை நீங்கள் சொல்லுகிற இடமெல்லாம் சாதாரண எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். பேச்சில் மட்டும் வழக்கு வரட்டும் என்பது என் பழக்கம். வேறு விதமாக எழுதி ஜெயித்தவர்கள் உண்டு, ஆனால் பழகுகிற காலத்தில் இது வசதி. நீங்கள் செய்கிற தப்பு, சொல்லுகிற பகுதியில் ஒரு வரியில் ‘வந்தான்’, அடுத்த வரியில் ‘வந்துட்டான்’. ஒன்றில் நில்லுங்கள்.

பேச்சில் வாயசைவை எல்லாம் அப்படியே எழுத்தில் பிடிக்க வேண்டியதில்லை. நாலு அடையாளம் போதும். முதலாளியிடம் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டுகிற ‘ங்க’. குழந்தையை ‘கண்ணு’ என்பது. யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மாமா என்பது. கோபத்தில் அந்த ‘ங்க’ காணாமல் போவது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பத்து வருடம் ‘ங்க’ போட்டவன் ஒரு வாக்கியத்தில் அதை விட்டுவிட்டான் என்றால், மேஜையைத் தட்டினான் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. சேலத்துக்கு ஒரே பேச்சு என்றும் நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் பேசிவிட்டு வாசல்படி தாண்டியதும் தமிழுக்கு மாறுகிற நெசவாளர் குடும்பங்கள் எத்தனை! மலைமேல் உங்கள் அம்மாயி பேசுகிற பேச்சு மண்டியில் நீங்கள் பேசுகிற பேச்சா?

அதைவிடப் பெரிய சங்கதி, மனிதர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. உங்கள் கதைகளில் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ‘எனக்கு முன்பணம் தருவீர்களா?’ ‘தர முடியாது, வியாபாரம் மந்தம்.’ மண்டியில் இப்படியா நடக்கும்?

“தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் கட்டணுங்க…”

“சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“மணி மூணாவுது. போய்ச் சாப்பிடு மொதல்ல.”

முதலாளி முடியாது என்று சொல்லிவிட்டார். அதை அன்பாகவும் சொல்லிவிட்டார், அதனால் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. உங்கள் காதில் தினமும் விழுகிற பேச்சு இது. இந்தக் கலையில் உங்களுக்கு என்னைவிட நல்ல வாத்தியார் அந்த மண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படவும் வேண்டாம். ‘ஒரு பெரிய தொகை’ என்று எழுதாமல் எண்ணைப் போடுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

தொடக்கம், முடிவு இரண்டையும் பற்றி. தொடக்கத்துக்கு எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்: முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கும். உங்கள் எட்டில் நான் பார்த்த இரண்டும் பொழுது விடிவதில் ஆரம்பிக்கின்றன. பொழுது தினமும் விடிகிறது தம்பி.

முடிவு கடினம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நடப்பதாக நான் எழுதிய கதை ஒன்று. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் படியவிட்டு, மாவை எடுத்துக் குருணையாக்கி, வறுத்துக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். ஆலையைப் பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை, ஆறு மாதமாகப் பேச்சில்லை. களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறபோது மழை இறங்குகிறது. கூலியாட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். தார்ப்பாயின் ஒரு முனையை அண்ணன் பிடிக்கிறான். மறுமுனையைப் பிடிக்கத் தம்பியைத் தவிர ஆளில்லை. ‘இழு’, ‘விடு’, ‘கல்லை வை’ என்று ஆறு மாதத்துக்கப்புறம் பேசிக்கொள்கிறார்கள். முதல் தடவை எழுதியபோது, மூடி முடித்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். படித்த நண்பர் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் தடவை, அழாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘ரத்தபாசம் மழையில் கரைவதில்லை’ என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது இன்னும் மோசம். மூன்றாம் தடவை, தார்ப்பாய் மூலையில் கடைசிக் கல்லை வைத்ததோடு நிறுத்தினேன். மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. மழை விட்டதும் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. அவர்கள் கையிலிருந்த வேலை முடிந்தது, அவ்வளவுதான். கதையில் ஒரு வேலை இருந்தால் இது ஒரு லாபம், எங்கே நிறுத்துவது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

திருத்துவதற்குச் சின்னச் சின்ன யோசனைகள். எழுதியதைப் பத்து நாள் தொடாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் கோணல். ‘திடீரென்று’, ‘மெல்ல’, ‘ஏதோ ஒரு’, ‘இனம் புரியாத’ இவற்றைத் தேடிப் பிடித்து எடுங்கள். பத்தில் எட்டு இடத்தில் போனதே தெரியாது. பதினான்கு பனியில் இரண்டு போதும். போனில் எழுதுவது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், ஆனால் கடைசித் திருத்தத்தைத் தாளில் அச்செடுத்துச் செய்யுங்கள். சின்னத் திரையில் ஒவ்வொரு பத்தியும் தனியாக நன்றாகத்தான் தெரியும்.

பத்திரிகைக்கு அனுப்புவதை இப்போதைக்கு ஒத்திப்போடலாம். என் முதல் பதினொரு கதைகளைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர்களுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். நிறையப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, பிடித்த ஒரு கதையை மூன்று தடவை படியுங்கள். மூன்றாம் தடவை கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, அதில் வரும் ஆட்கள் கையால் செய்கிற காரியங்களுக்கு அடியில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

எழுத நேரமில்லை, வேலைக்குப் போய்விட்டு வந்தால் அசதி என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடந்துதானே மலைக்குப் போகிறீர்கள்? டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்தப் படக் கம்பெனியில் கதை எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். எழுத்தும் அவர்களுக்கு மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை. எனக்கு அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். நமக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. ஆனால் நேரத்தை நாமே குறித்துக்கொள்ளலாம். மண்டி திறப்பதற்கு முன் அரை மணி நேரம் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது, உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பழம் எடை போடுகிறவரைப் போய்ப் பாருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். “எடையில தப்பு வந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள். கதையை அப்புறம் பார்ப்போம்.